பிணை

நாலு வருஷத்தில் யெசேனியா என்னோடு பேசிய
முதல் வாக்கியம்:
"கிளியானைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்."
இரண்டாவது:
"வீடு உன் பெயரில்தானே இருக்கிறது?"
கோழி ஆலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன்.
போனில் இறகு ஒட்டிக்கொண்டது.

வீடு என்றால் வீடே கூச்சப்படும்.
சக்கரம் கழற்றிச் செங்கல்மேல் ஏற்றிவைத்த டிரெய்லர்.
விவாகரத்தில் எனக்கு அது வந்தது.
அவனுக்குப் பிக்கப் வண்டியும் நாயும்,
ஆறு மாதம் கழித்து யெசேனியாவும்.

லஃப்கினில் சிறைக்கு எதிரே
விடிய விடிய எரியும் விளக்குகள் இரண்டு.
ஒன்று டோனட் கடை.
மற்றது பர்ல் டாகெட்டின் ஜாமீன் அலுவலகம்.
சூரியகாந்தி விதையைக் கொறித்துக்
காகிதக் கோப்பையில் தோலைத் துப்பியபடி
டாகெட் கணக்குச் சொன்னார்:
மதுக்கடை நாற்காலியை ஒருவன் முதுகில் உடைத்ததற்குப்
பன்னிரண்டாயிரம் டாலர்.
பத்தில் ஒரு பங்கு அவருக்கு.
"தேவாலயத் தட்டில் போட்டது மாதிரி, மிஸ் ஓடெல்.
திரும்பி வராது."
மீதிக்கு டிரெய்லர் பத்திரம்.
வாய்தாவுக்கு அவன் வராமல்போனால்
செங்கல்லை மட்டும் நான் வைத்துக்கொள்ளலாம்.

என்னிடம் எண்ணூற்று எழுபது.
யெசேனியா கைப்பையைத் திறந்தாள்.
பிறக்கப்போகிற பிள்ளைக்கு வந்த வாழ்த்து உறைகள்,
நாரை படம், நீல ரிப்பன்.
ஒவ்வொன்றாய்க் கிழித்து
முந்நூற்று முப்பதை மேசைமேல் அடுக்கினாள்.
கடைசி உறையில் எல்லாம் ஒற்றை டாலர்.
எட்டு மாத வயிறு மேசை விளிம்பில் இடித்தது.
டாகெட் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

பிறகு படிவம்.
பிணையாளர் நிரப்ப வேண்டியவை.
அவன் பிறந்த தேதி சொன்னேன்.
ஒவ்வாத மருந்து: பெனிசிலின்.
அடையாளம்: இடது தோளில் வேலிக்கம்பி கிழித்த வடு,
மேலே ஐந்து தையல்.
யெசேனியா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
நாலாவது கேள்விக்கு அப்புறம்
நான் வேண்டுமென்றே கொஞ்சம் திணறினேன்.

உறவு என்றொரு கட்டம்.
பேனா அங்கே நின்றுவிட்டது.
"நண்பர் என்று போடுங்கள்.
எல்லாரும் அதைத்தான் போடுகிறார்கள்."
நண்பனாக இருந்திருந்தால்
அவனைக் கட்டியிருக்கவே மாட்டேன்.
தெரியும்,
என்று எழுதினேன்.
டாகெட் படித்தார். அடிக்கவில்லை.

அவன் பெயருக்குப் பக்கத்தில்
இது என் மூன்றாவது கையெழுத்து.
முதலாவதற்கு ஊரே திரண்டு வந்தது.
இரண்டாவதற்கு இரண்டு வக்கீல்கள்.
இதற்கு டோனட் வாசனை.

நாலேகாலுக்குக் கதவு திறந்தது.
காகிதப் பையில் பெல்ட், ஷூ நாடா, உயிர்போன செல்போன்.
நாடா இல்லாத ஷூவைத் தேய்த்துத் தேய்த்து வந்தவன்
எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்தான்.
உள்ளேயே திரும்பிப் போய்விடலாமா என்று
ஒரு கணம் யோசித்தான்.
நான் பார்த்தேன்.

வயிற்றுக்காக யெசேனியா முன்சீட்டில்.
பின்னால் அவன்,
பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பையன் மாதிரி.
"எவ்வளவு ஆச்சு?"
யாரும் பதில் சொல்லவில்லை.
"கொடுத்துடறேன்."
யெசேனியாதான் முதலில் சிரித்தாள்.
அப்புறம் என்னாலும் அடக்க முடியவில்லை.

பைன் காட்டு வளைவில் பிரேக்கை மிதித்தேன்.
விளக்கு வெளிச்சத்தின் நடுவில் ஒரு பிணைமான்.
ஓடவில்லை.
காது மட்டும் எங்கள் பக்கம் திரும்பியது.
எஞ்சின் உறுமுவதும்
பின்சீட்டில் காகிதப் பை நசுங்குவதும் கேட்டது.
அதற்குத் தோன்றியபோது
சாலையைக் கடந்தது.

"பத்தொன்பதாம் தேதி. ஒன்பது மணி," என்றேன்.
"தெரியும்," என்றான்.

தெரியாது.
எட்டு மணிக்கே அவர்கள் வாசலில் போய்
நான் ஹாரன் அடிக்க வேண்டும்.